ஏலமலையில் களையும் எருவும்: கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய வேளாண் வரலாற்று ஆராய்ச்சி

முன்னுரை

தமிழ் மக்களின் வேளாண்மையை ஆராய்ந்தோர் பெரும்பாலும் மருதநிலத்து நெல்லையும், அதற்கு நீர் தந்த ஏரி குளங்களையுமே தம் ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொண்டனர். மலைச்சாரலில் விளையும் நறுமணப் பயிர்களின் வரலாறு வாணிக வரலாற்றின் ஒரு கூறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மிளகும் ஏலமும் எத்துறைமுகத்தின் வழியே எந்நாட்டிற்குச் சென்றன என்பதை விரித்துரைப்போர், அவற்றிற்குக் களையெடுத்தோர் யாவர், எருவிட்டோர் யாவர், அவ்விரு தொழிலும் காலந்தோறும் எங்ஙனம் மாறின என்பவற்றைக் கூறாது விடுத்தனர். இக்குறையைச் சிறிதளவேனும் நீக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சிக்கு யாம் எடுத்துக்கொண்ட நிலப்பகுதி கம்பம் பள்ளத்தாக்கும், அதன் மேற்கே எழுந்து நிற்கும் ஏலமலைத் தொடருமாம். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களைக் கொண்ட இப்பகுதி, 1996ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்ற தேனி மாவட்டத்தில் அடங்கும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய கணவாய்களைக் கடந்தால் வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை முதலிய ஏலம் விளையும் ஊர்கள் வரும். 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, இம்மேட்டு நிலம் கேரளத்தின் பாற்பட்டது. நிலம் ஒரு மாநிலத்தது. அந்நிலத்தில் உழைக்கும் கைகளுட் பல மற்றொரு மாநிலத்தன. இவ்வேறுபாடு இவ்வாராய்ச்சியில் இறுதி வரை நம்முடன் வரும்.

பழைய ஏலக்காட்டில் எருவிடுதல் இல்லை. களையெடுத்தலும் மிகக் குறைவு. இது உழவரின் அறியாமையா, அன்றி அறிவா? பின்னர் எருவும் களைப்பறிப்பும் பெருகியது எதனால்? இவையே யாம் விடைகாண முயலும் வினாக்கள்.

சொல்லாராய்ச்சி

முதற்கண் சொற்களை நோக்குவோம். களை என்பதும் கட்டல் என்பதும் கள் என்னும் ஒரே வேர்ச்சொல்லிற் பிறந்தவை. அவ்வேர் பறித்தல், நீக்குதல் என்னும் பொருளது. எனவே, களை என்பது ஒரு செடியின் பெயரன்று; நீக்கப்படுதற்குரியது என்னும் மனிதரின் தீர்ப்பே அச்சொல்லில் அடங்கியுள்ளது. நெல்வயலில் நெல்லல்லாதது களை. ஆயின் காட்டில் எது களை? இவ்வினாவை நினைவில் இருத்துதல் வேண்டும்.

எரு என்பது சாணமும் மட்கிய குப்பையுமாகிய பொருளைச் சுட்டும் பழஞ்சொல். உரம் என்பது பண்டை இலக்கியங்களில் வலிமை, அறிவு, மார்பு எனும் பொருள்களிற் பயின்று வந்தது. நிலத்திற்கு வலிமை தருவது என்ற கருத்தில் அச்சொல் எருவிற்கும் ஆயிற்று எனக் கொள்ளலாம். தொழிற்சாலையிற் செய்த உப்புகள் வந்தபின், எரு வேறு, உரம் வேறு எனப் பிரிந்து வழங்கும் போக்கு உழவரிடையே வலுப்பெற்றது. தொழுவத்தினின்று வருவது எரு. கடையினின்று மூடையாக வருவது உரம். இவ்வழக்கு வேறுபாடே ஒரு பொருளாதார மாற்றத்தின் சுவடு என்க.

ஏலம் என்னுஞ் சொல்லும் நோக்கத்தக்கது. நறுமணப் பொருளைக் குறிக்கும் ஏலம் திராவிடச் சொல். வடமொழியில் வழங்கும் ஏலா என்பது இதனொடு தொடர்புடையது என்பர். கூவி விற்றலைக் குறிக்கும் ஏலமோ போர்த்துக்கேசியர் மொழியினின்று வந்து தமிழில் நிலைபெற்றது. போடிநாயக்கனூரில் ஏலம் ஏலத்தில் விற்கப்படுகின்றது. மலையின் பழஞ்சொல்லும் கடல்வழி வந்த புதுச்சொல்லும் ஓரிடத்தே ஒலியால் ஒன்றி நிற்பதை அவ்வூரிற் காண்கிறோம்.

மூவகை மரபுகள்

திருக்குறளின் உழவு அதிகாரம், உழுதலினும் எருவிடுதல் நன்றென்றும், களைகட்டபின் நீர்ப்பாய்ச்சுதலினும் பயிரைக் காத்தல் நன்றென்றும் கூறும். பரிமேலழகர் இதற்கு உரை காணுங்கால், உழுதல், எருவிடுதல், களைகட்டல், நீர்பாய்ச்சல், காத்தல் ஆகிய ஐந்தனையும் முறைப்படுத்திக் காட்டினார். செங்கோன்மை அதிகாரத்தில், கொடியோரை வேந்தன் ஒறுத்தல் பயிரினிடையே களைகட்டலுக்கு ஒப்பாக வைத்துக் கூறப்படுகின்றது. ஆகவே, சமநிலத்து உழவர்க்குக் களை பகை, எரு துணை. இஃது ஒரு மரபு.

சங்க இலக்கியத்துக் குறிஞ்சிப் பாடல்களிற் காணும் தினைப்புன வேளாண்மை மற்றொரு மரபு. காட்டை வெட்டி, உலர்ந்தபின் எரித்து, அந்நிலத்தில் தினை விதைப்பர். ஆண்டுக் களையை அழித்ததும் நெருப்பே. சாம்பலாகி நிலத்தை வளப்படுத்தியதும் அந்நெருப்பே. களைகட்டலும் எருவிடுதலும் ஒரே செயலில் அடங்கிவிட்டன. நிலத்தின் வளம் குன்றியவிடத்து மக்கள் வேறிடம் பெயர்ந்தனர்.

ஏலம் இவ்விரு மரபிலும் அடங்காதது. ஏலச்செடிக்கு ஏரும் ஆகாது, எரியும் ஆகாது. அதன் வேர்கள் ஆழச் செல்வனவல்ல; மண்ணின் மேற்பரப்பிலேயே படர்வன. கொத்திக் கிளறினால் வேர் அறும். நேர் வெயிலையும் அது தாங்காது. உயர்மரங்களின் நிழலிலே, ஈரமும் இலைமட்கும் நிறைந்த மண்ணிலே வாழும். எனவே, எருவும் களைக்காப்பும் ஆகிய இரண்டனையும் ஏலத்திற்குத் தந்தது நிழலாம். மரம் உதிர்த்த இலை மட்கி எருவாயிற்று; மரம் மறைத்த ஒளி களைகளை முளைக்கவொட்டாது தடுத்தது. நெருப்பு மரபிற்கும் ஏர் மரபிற்கும் புறம்பான இதனை நிழல் மரபு என யாம் பெயரிட்டு வழங்குவோம்.

பழைய ஏலக்காடு

மேற்குத் தொடர்ச்சி மலையில் வழங்கிய பழைய ஏல வேளாண்மை பின்வருமாறு அமைந்தது. காட்டின் ஒரு சிறு பகுதியிற் புதர்களை வெட்டி, ஒன்றிரண்டு பெருமரங்களை வீழ்த்துவர். மரம் விழுந்த அதிர்ச்சியில் மண் கிளறப்படும். ஒளி சிறிது நுழையும். மண்ணுள் உறங்கிக் கிடந்த ஏலவிதைகள் அடுத்த மழையில் முளைக்கும். நாற்றங்காலும் நடவும் அங்கில்லை. ஆண்டிற்கொருமுறை புதர்களை அரிந்து, அரிந்தவற்றை அங்கேயே மட்க விடுதலே செய்பணி. குடகு நாட்டில் இம்முறை பெருவழக்காயிருந்தமையின் குடகு முறை என்றே இது பிற்காலத்தோரால் வழங்கப்பட்டது.

இம்முறையைக் கண்ட அயலார் சிலர்க்கு இது வேளாண்மையாகவே தோன்றவில்லை; காட்டில் தானாக விளைவதைப் பொறுக்கி எடுப்பதாகவே தோன்றிற்று. ஏரும் எருவும் இன்றேல் உழவில்லை என்பது சமநிலத்து அளவுகோல். அவ்வளவுகோல் மலைக்குப் பொருந்தாது என்பதை மேலே காட்டினோம். எவ்வளவு ஒளி புகவேண்டும், எம்மரத்தை வீழ்த்தல் வேண்டும், எதனை நிறுத்தல் வேண்டும் என்பவற்றை அறிதலே இவ்வேளாண்மையின் நுட்பம்.

ஆயினும், இம்முறை நிலைபெற்றமைக்கு அறிவு மட்டுமே காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆட்சி முறையும் ஒரு காரணமாகும். திருவிதாங்கூர் அரசில் ஏலம் நெடுங்காலம் அரசின் தனியுரிமைப் பொருளாயிருந்தது. விளைவிப்போர் காயனைத்தையும் அரசினிடமே ஒப்படைத்து, அரசு வகுத்த விலையைப் பெற்றனர். 1896ஆம் ஆண்டு இத்தனியுரிமை நீக்கப்பட்டு, நிலத்தின் மேல் வரி விதிக்கும் முறை வந்தது. இம்மாற்றத்தின் விளைவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காயின்மேற் பங்கு கொடுத்த காலத்தில், விளைவு குறையின் அரசிற்குச் செல்வதும் குறையும். உழவன் மிகுந்த செலவு செய்து விளைவைப் பெருக்குதற்குத் தூண்டுதல் இல்லை. ஏக்கருக்கு இவ்வளவென வரி வந்தபின், காய் விளைந்தாலும் விளையாவிடினும் வரி நிற்கும். ஆகவே, ஒவ்வோர் ஏக்கரையும் மிகுதியாக விளையச்செய்தல் இன்றியமையாததாயிற்று. களையெடுத்தலும் எருவிடுதலும் ஏலக்காட்டில் நிலையான செலவினங்களாகியதன் வித்து இவ்வரிமாற்றத்தில் உள்ளது என்பது எம் கருத்து.

பள்ளத்தாக்கின் பங்கு

ஏறத்தாழ அதே காலத்தில் மலையடிவாரத்திலும் பெருமாறுதல் நிகழ்ந்தது. 1886ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசிற்கும் சென்னை அரசிற்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, கர்னல் பென்னிகுவிக் மேற்பார்வையில் கட்டப்பெற்ற பெரியாற்று அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கே பாய்ந்த நீர் மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே திரும்பிற்று. மழைமறைவு நிலமாகிய கம்பம் பள்ளத்தாக்கில் நெல் உறுதிப்பட்டது, ஊர்கள் பெருகின, மக்கள் தொகையும் கூடிற்று. போடிநாயக்கனூருக்கு 1928இல் மதுரையினின்று இருப்புப்பாதை வந்தது. மலைமேல் விளைந்த காய் கீழிறங்கி உலகச் சந்தையை அடைய வழி எளிதாயிற்று. இவ்வாறு, மேலே ஏலக்காட்டிற்கு ஆள் தேவைப்பட்ட காலத்தில், கீழே ஆளும் முதலும் சந்தையும் ஒருங்கே அமைந்தன.

பள்ளத்தாக்கினின்று சென்றோர் தம் உழவு மரபையும் உடன்கொண்டு சென்றனர். மதுரை வட்டாரத்தில் புன்செய் நிலத்தையும் காடு என்றே வழங்குவர். வயல்வேலைக்குச் செல்லுதலைக் காட்டுக்குப் போதல் என்பர். ஏலக்காடு என்னுஞ் சொல்லில் இவ்விரு பொருளும் கலந்து நிற்கின்றன. ஒருவகையில் அது மரமடர்ந்த வனம். மற்றொருவகையில் அது களையெடுத்துப் பண்படுத்தும் புன்செய். இச்சொல்லின் இருபொருளே பின்னர் எழுந்த மாறுதலுக்கு முன்னறிவிப்புப் போல அமைந்துள்ளது. வனமென்ற பொருள் சிறுகச் சிறுகத் தேய, புன்செய் என்ற பொருளே மிஞ்சி வருகின்றது.

களையும் கைத்தொழிலும்

முறையாக நட்டு வளர்க்கும் ஏலத்தோட்டத்தில் ஆண்டிற்கு இரண்டு அல்லது மூன்று முறை களையெடுப்பர். செடியின் அடியைச் சுற்றிக் கையாற் பறித்தலும், வரிசைகளின் இடைநிலத்தில் அரிவாளால் அரிந்துவிடுதலும் வழக்கம். மண்வெட்டியால் இடைநிலம் முழுதும் கொத்துதல் தவிர்க்கப்படும். சரிவு நிலத்தில் மண் அரித்துச் செல்லும் என்பது ஒரு காரணம், வேர் மேலே படர்ந்திருத்தல் மற்றொரு காரணம். அரிந்த களையைச் செடியடியில் மூடாக்காக இடுவர். ஆகவே, அரியும் வரை களையாயிருந்தது, அரிந்தபின் எருவாகின்றது. உலர்ந்த இலைகளையும் முதிர்ந்து பட்ட தட்டைகளையும் நீக்கும் பணி கவாத்து எனப்படும். இதனால் காய்தாங்கும் சரங்களுக்குக் காற்றும், தேனீக்களுக்கு மலரை அணுக வழியும் கிடைக்கின்றன. ஏலத்தின் மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீ இன்றியமையாதது.

களைகளுள் சில வெறும் போட்டியாளர் அல்ல. நோய்க்கு வழி திறப்பனவுமாம். ஏலத்தைத் தாக்கும் கட்டே என்னும் நச்சுயிரி நோயைப் பரப்புவது ஒருவகை அசுவினி. சேம்பு முதலிய செடிகளில் அவ்வசுவினி தங்கிப் பெருகும். எனவே, காட்டுச் சேம்பைத் தோட்டத்தினின்றும் நீக்குமாறு வேளாண் அறிஞர் கூறுவர். இங்கே களை என்னுஞ் சொல் தன் முழுப்பொருளையும் பெறுகின்றது. நீக்கத்தக்கது எது, வைக்கத்தக்கது எது எனத் தேர்ந்து நீக்குதலே களைகட்டல்.

இத்தேர்வைச் செய்யும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. கம்பம், போடி வட்டாரத்துச் சிற்றூர்களினின்று விடியற்காலையிற் புறப்பட்டு, வண்டிகளில் மெட்டுகளைக் கடந்து, மாலையில் திரும்பும் பெண்தொழிலாளரே இம்மலையின் களையெடுப்பாளர். அவர்களைப் பற்றிய குறிப்புகள் அரசாங்க அறிக்கைகளில் ஆட்கூலி என்னும் ஒரு பத்தியில் அடங்கிவிடுகின்றன. இளஞ்சிம்பு எது, களை எது எனப் புதர்நடுவே நொடியிற் பிரித்தறியும் அவர்தம் அறிவு எந்நூலிலும் ஏறவில்லை.

உரத்தின் வருகை

தொழிற்சாலை உரத்தின் வரலாறு உலகப் பொதுவானது. 1842இல் இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் சூப்பர் பாஸ்பேட் உரத்திற்கு உரிமம் பெற்றார். 1909இல் பிரிட்ஸ் ஹேபர் காற்றிலுள்ள நைட்ரஜனை அமோனியாவாக மாற்றும் வழி கண்டார். 1913இல் அது தொழிற்சாலை அளவில் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் முதல் உரத்தொழிற்சாலை 1906இல் தமிழகத்து இராணிப்பேட்டையிலேயே அமைந்தது என்பது நாம் நினைவிற்கொள்ளத்தக்கது. விடுதலைக்குப் பின் 1951இல் சிந்திரித் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது.

ஏலமலையில் உரத்தை முறைப்படுத்தும் ஆராய்ச்சி 1956இல் பாம்பாடும்பாறையில் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டதனாலும், 1978இல் மயிலாடும்பாறையில் இந்திய ஏல ஆராய்ச்சி நிலையம் தோன்றியதனாலும் வலுப்பெற்றது. இடையே 1965இல் ஏலச் சட்டம் இயற்றப்பட்டு, 1966இல் ஏல வாரியம் அமைந்தது. 1987இல் அது நறுமணப் பொருள் வாரியத்தில் ஒன்றியது. மழையை நம்பிய தோட்டத்திற்கு எக்டருக்குத் தழைச்சத்து 75 கிலோ, மணிச்சத்து 75 கிலோ, சாம்பற்சத்து 150 கிலோ என்றும், நீர்பாய்ச்சும் தோட்டத்திற்கு முறையே 125, 125, 250 கிலோ என்றும் பரிந்துரை வகுக்கப்பட்டது. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் அது ஓய்ந்தபின்னுமாகப் பிரித்து, செடியடியை விட்டுச் சற்றுத் தள்ளி வட்டமாக இடுதல் முறை. இவற்றோடு தொழுவெருவும் வேப்பம்பிண்ணாக்கும் சேர்த்து இடுமாறு அப்பரிந்துரைகள் கூறும். எருவை விடுத்து உரத்தை மட்டும் இடுமாறு அவை கூறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.

உரம் பெருகியதற்கு உள்நாட்டுக் காரணம் மட்டும் போதாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவாதமாலா நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்ட ஏலம், அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ஏலத்தைச் சந்தையில் முந்தியது. 1980களில் இந்திய ஏலத்தின் சராசரி விளைவு எக்டருக்கு நூறு கிலோவிற்கும் குறைவாயிருந்தது. அந்நிலையில் விளைவைப் பெருக்குதலே உய்வழி எனக் கருதப்பட்டது. இடுக்கி மலையில் உழவர் ஒருவர் தேர்ந்தெடுத்துப் பரப்பிய ஞள்ளானி என்னும் இனம் 1990கள் முதல் பெருவழக்காயிற்று. அது மிகு விளைவு தருவது. ஆயின் மிகு உணவும், மிகு நீரும், முன்னையினும் மிகுதியான ஒளியும் வேண்டுவது.

நிழல் குறைந்தமையும் அதன் விளைவும்

இங்குத்தான் வரலாற்றின் முடிச்சு உள்ளது. ஒளி வேண்டி நிழல்மரத்தின் கிளைகளைக் கழித்தனர். கழித்தபின் இலைமட்கு குறைந்தது. அக்குறையை உரத்தால் ஈடுசெய்தனர். ஒளி மிகுந்தமையாற் களை பெருகிற்று. இட்ட உரத்தைச் செடியொடு களையும் உண்டது. களையை நீக்க மேலும் ஆள் தேவைப்பட்டது. ஆட்செலவை ஈடுகட்ட மேலும் விளைவு தேவைப்பட்டது. மேலும் விளைவிற்கு மேலும் உரமும் ஒளியும் தேவைப்பட்டன. களையும் உரமும் இரு வேறு சிக்கல்கள் அல்ல. நிழலென்னும் ஒரே பொருள் குறைந்ததன் இரு விளைவுகள் என்க. அன்றியும், அமோனிய உரங்கள் நாளடைவில் மண்ணின் புளிப்புத் தன்மையை மிகுவிக்கும். இயல்பாகவே புளிப்பு மிக்க இம்மலைமண்ணிற்குச் சுண்ணம் இடும் பணி இதனாற் புதிதாகச் சேர்ந்தது.

மரத்தைக் காத்தல் உழவர் ஒருவரது விருப்பத்தால் மட்டும் முடிவதன்று. ஏலமலைக் காப்புநிலத்தில் நிலம் வருவாய்த்துறையின் ஆட்சியிலும் மரம் வனத்துறையின் ஆட்சியிலும் இருந்து வருகின்றன. தன்னுடையதல்லாத மரத்தைப் பேணுதலில் உழவர்க்கு ஆர்வம் குன்றுதல் இயல்பே.

களையெடுக்கும் ஆள் வராத காலமும் உண்டு. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியாற்று அணைச் சிக்கல் மூண்டபொழுது, எல்லை கடந்து வேலைக்குச் செல்வது நின்றது. மலையில் தங்கியிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அஞ்சிப் பள்ளத்தாக்கிற்கு இறங்கினர். 2020இல் கொள்ளைநோய் காரணமாக எல்லை அடைபட்டபொழுதும் மெட்டுகள் வெறிச்சோடின. அரசெல்லையில் மனிதர் நிற்பர், களை நில்லாது. இத்தகைய காலங்களில் களைக்கொல்லி மருந்தின்பால் மனம் செல்லுதல் வியப்பன்று. ஆயின், அம்மருந்து களையை மட்டுமே கொல்வதன்று. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியின் விற்பனையைக் கேரள அரசு 2019இல் தடைசெய்தது. கையாற் பறித்த களை மூடாக்காகி எருவாயிற்று. மருந்திட்ட இடமோ வெறுமண்ணாகி மழைக்கு அரிந்து செல்லும். அன்றியும், சேம்பையும் ஏலச்சிம்பையும் பிரித்தறியும் கண் மருந்திற்கு இல்லை.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் தெளிவாவன மூன்று. பழைய ஏலக்காட்டில் எருவின்மையும் களையெடுப்பின் குறைவும் அறியாமையின் விளைவல்ல. நிழல் அவ்விரு பணியையும் செய்தமையின் விளைவு. 1896க்குப் பிந்திய வரிமுறையும், பின்வந்த உலகச் சந்தைப் போட்டியும், மிகுவிளைவு இனமும் அந்நிழலைப் படிப்படியாகக் குறைத்தன. நிழல் செய்துவந்த பணி அதன்பின் இரு பிரிவாயிற்று: ஒன்று உர மூடையின் மேலும், மற்றொன்று பள்ளத்தாக்குப் பெண்டிரின் கைகளின் மேலும் ஏறிற்று.

பழைய முறைக்கு முற்றிலும் மீளுதல் இயலாது. அன்றைய சிறுவிளைவைக் கொண்டு இன்றைய குடும்பங்கள் வாழமாட்டா. ஆயின், உரத்தின் அளவைக் கணக்கிடும்பொழுது மரத்தின் எண்ணிக்கையையும், களைச்செலவைக் கணக்கிடும்பொழுது களையெடுப்போர் அறிவையும் சேர்த்துக் கணக்கிடுதல் இயலும். அவ்வறிவு வாய்மொழியாகவே உள்ளது; மெட்டேறும் தலைமுறை குறைந்தால் அதுவும் குறையும். கம்பம் பள்ளத்தாக்கின் ஏலத்தொழிற் சொற்களைத் தொகுத்து, அவற்றைச் சொல்வோரின் விளக்கத்தொடு பதிவுசெய்யும் பணி தமிழ்த்துறை மாணவர்க்குக் காத்திருக்கின்றது. தட்டை, சரம், கவாத்து, மூடாக்கு என்னும் சொற்கள் அகராதியில் ஒரு பொருளும் மலையில் மற்றொரு பொருளும் உடையவை. அம்மலைப்பொருளை எழுதிவைத்தல் சொல்லாராய்ச்சியோடு வேளாண் வரலாற்றிற்கும் ஆற்றும் தொண்டாகும்.